மூக்கை அளந்த சாஸ்திரமும் முறையை அறிந்த சாஸ்திரமும்

தைப்பூசத்தன்று கொள்ளிடத்தின் வடகரையில் நிற்பவர் ஓர் அரிய வைபவத்தைக் காணலாம். சமயபுரத்து மாரியம்மன் தீர்த்தவாரிக்காக ஆற்றங்கரைக்கு எழுந்தருளியிருப்பாள். தென்கரையிலுள்ள ஸ்ரீரங்கத்திலிருந்து அண்ணனாகிய ரங்கநாதர் தம் தங்கைக்கு அனுப்பும் சீர்வரிசை மேளதாளத்துடன் வந்து சேரும். பட்டு, மாலை, மங்கலப் பொருள்கள், பழவகைகள் எல்லாம் அதில் உண்டு. அம்மன் ஆதியில் ஸ்ரீரங்கத்திலேயே இருந்தாள் என்றும், அவளுடைய உக்கிரம் தாங்காமல் கண்ணனூருக்கு அனுப்பப்பட்டாள் என்றும் ஸ்தல வரலாறு கூறும். ஊரை விட்டு அனுப்பினார்களே யொழிய, ஆண்டுதோறும் போகவேண்டிய பிறந்தகத்துச் சீரை ஒருவரும் நிறுத்தவில்லை.

அரங்கனுடைய உறவு இதனோடு முடிவதில்லை. பங்குனியில் அவர் காவிரியைக் கடந்து உறையூருக்குச் சென்று, சோழ ராஜகுமாரியாகிய கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி காண்கிறார். திரும்பி வந்ததும் ரங்கநாயகித் தாயார் கதவை அடைத்துக்கொள்ள, நம்மாழ்வார் நடுவில் நின்று சமாதானம் செய்யவேண்டி வருகிறது. கோயிலின் உள்ளேயே துலுக்க நாச்சியாருக்கு ஓர் இடம் உண்டு. அங்கே விக்கிரகமில்லை, சித்திரமே இருக்கிறது. பெருமாள்மேல் காதல் கொண்டு பின்தொடர்ந்து வந்த டில்லி சுல்தானின் மகள் அவள் என்பது ஐதிகம். அவளை முன்னிட்டுப் பெருமாளுக்கு ரொட்டி நைவேத்தியமும், கைலி உடுத்தும் வழக்கமும் இன்றும் நடந்து வருகின்றன. 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது ஊரை விட்டுச் சென்ற நம்பெருமாள் 1371-இல்தான் திரும்பினார். படையெடுத்து வந்தவன் மகளை மருமகளாக்கி வீட்டுக்குள் இருத்திக்கொண்ட ஊர் இது. சமரச மாநாடுகள் கூட்டும் நம் தலைவர்களில் எவருக்கேனும் இத்தகைய யுக்தி தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே.

இவற்றை எந்தச் சாஸ்திரத்தைக் கொண்டு விளங்கிக்கொள்வது? ஆகமத்தில் ரொட்டிக்கு விதி தேடிப் பயனில்லை. சரித்திராசிரியன் சுல்தான் மகள் கதைக்கு ஆதாரம் கேட்பான், கிடைக்காவிடில் தள்ளிவிடுவான். மானிடவியல் என்று இக்காலத்தார் வழங்கும் மானிட சாஸ்திரம் ஒன்றே, கதை மெய்யா பொய்யா என்பதை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, ஜனங்கள் ஏன் இவ்விதம் செய்கிறார்கள், இதனால் யார் யாரோடு பிணைக்கப்படுகிறார்கள் என்று விசாரிக்கிறது. ஆயினும் தேசபக்தி கொண்ட நம்மவர் இச்சாஸ்திரத்தின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பதற்கு நியாயம் இல்லாமலில்லை. அன்னிய ராஜாங்கத்தின் கையில் அது செய்த தீங்கு பெரிது. வழக்கின் இரு தரப்பையும் எடுத்துரைக்க வேண்டியது நம் கடமை.

இச்சாஸ்திரத்துக்கு நான்கு கிளைகள் உண்டென்று பொதுவாகக் கூறுவர். மனித தேகத்தையும் அதன் பரம்பரையையும் ஆராய்வது ஒன்று. மண்ணுக்கடியில் கிடப்பதை அகழ்ந்து பண்டை வாழ்க்கையை அறிவது மற்றொன்று. சென்னைக்கருகே பல்லாவரத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் கண்டெடுத்த கற்கருவியும், 1965 முதல் 1969 வரை சென்னைச் சர்வகலாசாலையார் நம் உறையூரில் அகழ்ந்து கண்ட கறுப்பு-சிவப்பு மட்கலங்களும், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் இவ்வகையைச் சார்ந்தவை. மூன்றாவது பாஷைகளைப் பற்றியது; 1816-இல் எல்லிஸ் துரையும், 1856-இல் கால்டுவெல் பாதிரியாரும் தென்னாட்டு மொழிகள் தனிக்குடும்பம் என்று நிலைநாட்டியதை அறியாத தமிழர் இரார். நான்காவது, ஜனசமூகத்தின் வழக்கங்கள், உறவுமுறைகள், சடங்குகள் ஆகியவற்றை ஆராய்வது. கிளைகள் நான்கானாலும் ஒன்றின் சாட்சியத்தை மற்றொன்றின் வழக்கில் நுழைப்பதனால் விளைந்த குழப்பமே மிகுதி. பாஷையைப் பற்றிச் சொன்னதை இரத்தத்தைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, ஆரியர் திராவிடர் என்று மண்டையையும் மூக்கையும் வகுக்கப் புகுந்தார்கள். ஆரியம் என்பது பாஷையின் பெயரேயன்றி இரத்தத்தின் பெயரன்று என்று மாக்ஸ்முல்லரே 1888-இல் கண்டித்தெழுதியும் பயனில்லை.

1871-ஆம் ஆண்டை நேயர்கள் நினைவில் வைக்கவேண்டும். மனிதனின் உற்பத்தியைப் பற்றி டார்வின் எழுதிய நூல் அவ்வாண்டில்தான் வெளிவந்தது. ஆதிமனிதரின் நாகரிகத்தைப் பற்றி டைலர் எழுதிய நூலும், உலகத்து உறவுமுறைகளைத் தொகுத்து அமெரிக்கரான மார்கன் எழுதிய பெருநூலும் அவ்வாண்டின. அதே 1871-இல்தான் இந்திய ராஜாங்கத்தார் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினார்கள். லண்டனில் அச்சான சித்தாந்தத்தைப் பார்த்துக் கல்கத்தாவில் சட்டம் எழுதினார்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் இரண்டும் ஒரே காற்றைச் சுவாசித்தவை. காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்று மனிதகுலம் படிப்படியாக ஏறி வருகிறதென்பது பரிணாமக் கொள்கையினரின் சித்தாந்தம். ஏணியின் உச்சியில் எந்தத் தேசம் இருந்தது என்று சொல்லவேண்டியதில்லை. நெசவாளன் மகன் நெசவாளனாவது போலத் திருடன் மகன் திருடனாவான் என்பது சட்டத்தை ஆதரித்தோர் சொன்ன காரணம். பிறப்பைக் கொண்டு குற்றத்தை நிர்ணயிக்கும் சட்டம் இங்கிலீஷ் நியாய சாஸ்திரத்தின் எந்த ஏட்டில் இருக்கிறதென்று அச்சட்டத்தை ஏற்ற நியாயாதிபதிகளைத்தான் கேட்கவேண்டும்.

பிறகு அளவெடுக்கும் காலம் வந்தது. ஜாதியின் உயர்வு தாழ்வு மூக்கின் அகலத்துக்கு எதிர்விகிதமாக அமைந்திருக்கிறதென்று ஹெர்பர்ட் ரிஸ்லி என்னும் சிவில் உத்தியோகஸ்தர் சாதித்தார். 1901-ஆம் ஆண்டு ஜனக்கணிதத்துக்குத் தலைவர் அவரே. இரண்டு ஆண்டு கழித்து உள்நாட்டு இலாகாக் காரியதரிசியாக வங்காளத்தைத் துண்டாடும் யோசனையைக் கடித மூலம் வெளியிட்டவரும் அவரே. மக்களை அளந்து பிரித்த கை மாகாணத்தையும் பிரித்ததில் ஆச்சரியம் என்ன? சென்னை மாகாணத்தில் அவ்வேலை எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையின் தலைவர் எட்கர் தர்ஸ்டனிடம் ஒப்புவிக்கப்பட்டது. குறடும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு அவர் ஊர் ஊராகச் சென்றார். வயநாட்டில் பணியப் பெண்கள் அவரைக் கண்டு ஓடினார்களாம். தங்களில் நல்ல உருவங்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னைக் காட்சிசாலையில் வைக்கப்போகிறார் என்று பயந்தார்களாம். வேடிக்கையென்று அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். பணியப் பெண்களின் அனுமானம் வெகுதூரம் பிசகியதென்று நமக்குத் தோன்றவில்லை. 1909-இல் ரங்காச்சாரியாரின் துணையோடு அவர் வெளியிட்ட ஏழு பாகங்களில் நம்மவர் எல்லோரும் அகர வரிசையில் அடைபட்டுக் கிடக்கிறோம். அந்நூலில் அரிய செய்திகள் ஏராளம். இன்றும் அதைப் புரட்டாமல் தென்னாட்டு ஜாதிகளைப் பற்றி எழுத முடியாது. ஆனால் அதில் பேசுவோர் கலெக்டர்களும் பாதிரிமாரும் ஜனக்கணித உத்தியோகஸ்தருமே. பேசப்படுவோரின் குரல் மிகவும் அரிது.

இதன் விளைவைத் திருச்சிராப்பள்ளியைச் சுற்றியே காணலாம். கள்ளர் வகுப்பினர் இந்த ஜில்லாவிலும், தஞ்சை மதுரை ஜில்லாக்களிலும், இடையில் புதுக்கோட்டையிலும் பரவியிருப்பவர்கள். ஊர்க்காவல் அவர்களுடைய பழைய உரிமைகளில் ஒன்று. காவலுக்குக் கூலியும், களவுபோனால் ஈடும் முறையாக ஏற்பட்டிருந்தன. கம்பெனியார் போலீஸை ஏற்படுத்தியதும் காவலன் பிழைப்புக் குற்றமாயிற்று. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்களும் கள்ளர் குலத்தவரே. அவர்களுக்கு 17 பீரங்கி மரியாதை. திருச்சிராப்பள்ளிக் கலெக்டர் நெடுங்காலம் அவர்களுக்கு அரசியல் ஏஜெண்டாக இருந்து உபசாரம் செய்தார். அதே குலத்தின் இன்னொரு கிளையாகிய பிரமலைக் கள்ளர் மதுரைக்கு மேற்கே, பிறவிக் குற்றவாளிகள். 1911-இல் சட்டம் விரிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை பதியவேண்டும், இரவில் ஆஜர் கொடுக்கவேண்டும், அயலூர் செல்லச் சீட்டு வாங்கவேண்டும். உசிலம்பட்டிக்கு அருகில் பெருங்காமநல்லூர் வாசிகள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸார் சுட்டதில் மாயக்காள் என்னும் பெண்மணி உள்பட 16 பேர் மாண்டார்கள். ஜாலியன்வாலா பாக் நடந்து ஓராண்டுகூட நிறையவில்லை. அந்தப் பெயரை அறிந்த நம் வாலிபர்களில் பத்தில் ஒருவராவது இந்தப் பெயரை அறிவாரா? மதுரைப் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோஸப் இம்மக்களுக்காக வாதாடினார். முத்துராமலிங்கத் தேவர் போராடினார். சென்னை மாகாணத்தில் 1947-இலும், தேசம் முழுவதிலும் 1952-இலும் சட்டம் தொலைந்தது.

இனி மறுதரப்பு. ராஜாங்கம் பழைய சித்தாந்தத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, சாஸ்திரம் அதைக் கைவிடத் தொடங்கிவிட்டது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பிரான்ஸ் போவாஸ் என்னும் பண்டிதர், குடியேறியோரும் அவர் மக்களுமாகச் சுமார் 18,000 பேருடைய தலைகளை அளந்தார். அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளின் தலை வடிவம் பெற்றோருடையதிலிருந்து மாறுபட்டிருக்கக் கண்டார். மாறாத குலச்சின்னம் என்று கருதப்பட்டதே ஒரு தலைமுறையில் மாறுமானால் குறட்டுக்கு வேலை ஏது? ஒவ்வொரு ஜனசமூகமும் தன் சரித்திரத்தால் உருவானது, அதை அதன் அளவுகோலைக் கொண்டே அறியவேண்டும் என்பது அவர் வழி வந்தோரின் கொள்கை. அவர் கற்பித்த கொலம்பியா சர்வகலாசாலையில்தான் 1916 மே மாதத்தில், அம்பேத்கர் என்னும் இளம் மாணவர் மானிடவியல் வகுப்பொன்றில் இந்திய ஜாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். ஜாதியின் உயிர் இரத்தத்திலோ தொழிலிலோ இல்லை, தனக்குள்ளேயே கொண்டு கொடுக்கும் அகமணத்தில் இருக்கிறதென்பது அவர் வாதம். 1932-இல் கூர்யே என்னும் பம்பாய் ஆசிரியர் ரிஸ்லியின் மூக்குக் கணக்கை மறுபடி பரீட்சித்து, ஐக்கிய மாகாணத்துக்கு வெளியே அது பொருந்தவில்லை என்று காட்டினார். அந்தக் கணக்குகளையே எடுத்து, பிராமணரும் தீண்டப்படாதாரென ஒதுக்கப்பட்டோரும் வெவ்வேறு குலத்தவரல்லர் என்று 1948-இல் அம்பேத்கர் வாதித்தார்.

நம் காலத்தில் 2013-ஆம் ஆண்டு ஹைதராபாத் ஆராய்ச்சிசாலையாரும் ஹார்வர்ட் பண்டிதர்களும் சேர்ந்து மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இன்னும் சுவையானது. இந்தியரில் ஏறக்குறைய எல்லா வகுப்பாருமே பழைய இரு பெருங்கூட்டங்களின் கலப்பு; விகிதம்தான் வேறுபடும். அக்கலப்பு நேர்ந்த காலம் இன்றைக்குச் சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு. அதன் பிறகே அகமணம் இறுகியது. கலப்பே இல்லை என்று பெருமை பேசும் அக்கிரகாரத்தார்க்கும், கலப்பே இல்லை என்று வேறு திசையில் பெருமை பேசும் நண்பர்களுக்கும் இம்முடிவு ஒருங்கே கசக்கும். கொலம்பியா மாணவர் 25 வயதில் சொன்னதற்கு 97 ஆண்டு கழித்து இரத்தமே சாட்சி சொல்ல வந்தது.

எகிப்திலிருந்தே எல்லா நாகரிகமும் புறப்பட்டுப் பரவியதென்ற ஒரு கூட்டத்தாரும் சில காலம் ஆரவாரித்தார்கள், அவர்களை விட்டுவிடலாம். அவர்களுக்குப் பின் வந்த மாறுதலே பெரியது. நாற்காலியிலிருந்து எழுந்து ஜனங்களிடையே சென்று வாழ்ந்து, அவர்கள் பாஷையைக் கற்று எழுதுவதென்பது நியதியாயிற்று. 1914-க்கும் 1918-க்கும் இடையே பசிபிக் தீவொன்றில் வசித்த மலினோவ்ஸ்கி, அர்த்தமற்றதென்று தோன்றும் வழக்கமும் வாழ்க்கையில் ஒரு வேலையைச் செய்கிறதென்று காட்டினார். அந்தமானில் ஆராய்ந்த ராட்கிளிப்-பிரௌன், வழக்கங்கள் சமூகக் கட்டுக்கோப்பைத் தாங்கும் தூண்கள் என்றார். இவர்கள் செயற்பாட்டுக் கொள்கையினர் எனப்படுவர். பிரான்சில் மார்செல் மோஸ் தானத்தை ஆராய்ந்து, கொடுப்பது, பெறுவது, திருப்பிக் கொடுப்பது ஆகிய மூன்று கடமைகளால் ஜனங்கள் கட்டுண்டிருப்பதை விளக்கினார். அவரைத் தொடர்ந்து லெவி-ஸ்ட்ராஸ் 1949-இல், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஒழுங்கே உறவுமுறையின் அஸ்திவாரம் என்று ஒரு பெருநூல் எழுதினார். இவர் கூட்டத்தார் அமைப்புக் கொள்கையினர்.

இந்த இடத்தில் தமிழ் உலக மேடை ஏறுகிறது. மேலே சொன்ன மார்கன் நியூயார்க் ராஜ்யத்தில் நம் தொழிலைச் செய்த வக்கீல். இரோகுவாய் என்னும் அமெரிக்கப் பூர்வகுடியாரின் உறவுப் பெயர்களைத் தொகுத்த அவர், தென்னிந்தியாவிலிருந்த மிஷனரிமார் மூலம் தமிழ் உறவுப் பெயர்களை வரவழைத்துப் பார்த்துத் திடுக்கிட்டார். இரண்டிலும் பெரியப்பனும் சித்தப்பனும் அப்பன் வரிசை; மாமன் வேறு. பெரியப்பன் மக்கள் அண்ணன் தங்கை. மாமன் மக்கள் அப்படியல்லர். இதைக் கொண்டு அமெரிக்கப் பூர்வகுடியார் ஆசியாவிலிருந்து சென்றவர்கள் என்று அவர் நிச்சயித்தார். முடிவுக்கு அவர் காட்டிய ஆதாரம் நிற்கவில்லை; ஆயினும் தமிழர் வீட்டில் வழங்கும் மாமன், அத்தை என்னும் சொற்களுக்குள் ஒரு சட்டம் உறங்குகிறதென்பதைக் கண்ட பெருமை அவரைச் சேரும். எங்கெல்ஸ் 1884-இல் குடும்பம், சொத்து, ராஜ்யம் இவற்றின் உற்பத்தியை எழுதியதும் மார்கனை ஆதாரமாகக் கொண்டே. சமதர்மம் பேசும் நம் தோழர்கள் தங்கள் சித்தாந்தத்தில் தமிழ்ப் பாட்டிமாரின் உறவுமுறைக்கும் ஒரு பங்கு உண்டென்பதை அறிந்தால் மகிழ்வார்கள்.

கோர்ட்டில் சாட்சி ஒருவன் 'அவர் என் பங்காளி' என்றாலும், 'அவர் என் மைத்துனர்' என்றாலும், மொழிபெயர்ப்பாளர் பல சமயங்களில் 'கஸின்' என்றே எழுதிவிடுவார். முதலாமவனோடு நிலத்துக்கு வழக்கு. இரண்டாமவனுக்குப் பெண் கொடுக்கலாம். இவ்வளவு வித்தியாசத்தையும் ஒரே சொல் விழுங்கிவிடுகிறது.

இவ்வித்தியாசத்தை முற்றும் விளங்கிக்கொண்டவர் லூயி துய்மோன் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் 1949, 1950-ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தங்கி ஆராய்ந்த ஜனங்கள் யார் தெரியுமா? பிரமலைக் கள்ளர்தான்! ரேகைச் சட்டம் நீங்கி இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. போலீஸ் பதிவேட்டில் பெயரும் விரல் ரேகையும் மட்டுமாக இருந்த மக்களைப் பற்றி, அவர்களுடைய நிலம், கலியாணம், சீர், தெய்வங்கள், கோயில் பங்கு எல்லாவற்றையும் எழுதி 1957-இல் அவர் வெளியிட்ட நூல், தென்னாட்டைப் பற்றிய மானிடவியல் நூல்களில் தலைசிறந்தவற்றுள் ஒன்று. நமக்கு மைத்துனன் என்பவன் ஒரு தலைமுறையில் தோன்றி மறையும் உறவல்லன். அப்பனுடைய மைத்துனன் மகனுக்கு மாமன். கொண்டு கொடுத்தல் சொத்தைப் போலவே பரம்பரையாக இறங்குகிறது. அதன் கண்கூடான வடிவமே சகோதரன் சகோதரிக்கும், பின்பு தாய்மாமன் அவள் மக்களுக்கும் செய்யும் சீர் என்று அவர் நிறுவினார். இதைப் படித்த பிறகு கொள்ளிடக் கரைக் காட்சியை மறுபடி பாருங்கள். ரங்கநாதர் செய்வது வெறும் உபசாரமன்று. தமிழ்நாட்டு அண்ணன் ஒவ்வொருவனும் செய்யவேண்டிய கடமை. வடகரைக் கிராமங்களின் அம்மன் தென்கரைப் பெருமாளுக்கு அடிமையாகவோ பரிவாரமாகவோ சேர்க்கப்படவில்லை, உடன்பிறந்தவளாகச் சேர்க்கப்பட்டாள். உறையூர்ச் சோழனும் டில்லி சுல்தானும் பெண் கொடுத்த வகையில் சம்பந்திகள். அன்னியனை உள்ளே கொண்டுவர இந்நாட்டார் அறிந்த வழி உறவுமுறையே போலும்.

ஆனால் துய்மோனையும் குருவாக்கிக் கும்பிடவேண்டியதில்லை. ஜாதி முழுவதையும் சுத்தம், அசுத்தம் என்ற இரண்டு சொற்களில் அடக்கி 1966-இல் அவர் எழுதிய நூல் அக்கிரகாரத்துத் திண்ணையிலிருந்து பார்த்த பார்வை என்று பலர் கண்டித்தார்கள். அக்கண்டனம் நியாயமென்றே நாமும் கருதுகிறோம். சீர் என்பது உறவை மட்டும் காட்டவில்லை. யார் கையால் போகிறது, யாருக்கு முதல் மரியாதை, யார் எந்த வாசலுக்கு அப்பால் நிற்கவேண்டியிருந்தது என்பதையும் காட்டுகிறது. கோயில் மரியாதையைப் பற்றிய வழக்குகள் பிரிட்டிஷ் நியாயஸ்தலங்களை எவ்வளவு காலம் ஆட்டிவைத்தன என்பதைத் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலைக் கொண்டு அர்ஜுன் அப்பாதுரை 1981-இல் எழுதியிருக்கிறார். ஆளப்பட்டோரை மாத்திரம் ஆராய்ந்த காலமும் போயிற்று. ஆந்திரே பெத்தேல் என்ற வங்காள அறிஞர் தஞ்சை ஜில்லாக் கிராமமொன்றின் அக்கிரகாரத்தில் தங்கி அங்குள்ள ஜாதி, வர்க்கம், அதிகாரம் இவற்றை ஆராய்ந்து 1965-இல் நூல் எழுதினார். அக்கிரகாரத்தில் தங்கியவர்க்குச் சேரியின் கதவு அவ்வளவாகத் திறக்கவில்லை. ஆராய்ச்சி செய்பவன் எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்பதே பாதி சித்தாந்தத்தை நிர்ணயித்துவிடுகிறது. 2014-இல் புல்லர், நரசிம்மன் ஆகிய இருவர் தமிழ்ப் பிராமணரையே பொருளாக்கி, கிராமத்தை விட்டு அவர்கள் உத்தியோக வர்க்கமான கதையை எழுதினார்கள். அளப்பவர் வீட்டிலேயே அளவுகோல் நுழைந்தது நல்லதே.

இவையெல்லாம் பழங்கதையன்று. குற்றப் பரம்பரை என்ற பெயர் நீக்கப்பட்டவர்களைச் சீர்மரபினர் என்கிறோம். தமிழ்நாட்டில் அவர்கள் 68 வகுப்பினர். 1979-இல் அவர்களுடைய பெயரிலிருந்து 'பழங்குடி' என்ற சொல்லை மாற்றிச் 'சமூகம்' என்று அரசாங்கம் உத்தரவிட்டது. அந்த ஒரு சொல்லை மீட்பதற்காக நாற்பதாண்டுக் காலம் மனு மேல் மனு. 2019-இல் மத்திய அரசாங்கச் சலுகைக்குப் பழங்குடி, மாகாண அரசாங்கச் சலுகைக்குச் சமூகம் என்று இரட்டைப் பெயர் கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் ஒரே சான்றிதழ் என்று அறிவித்தார்கள். பழங்குடி எது, சமூகம் எது என்பது கலாசாலைத் தர்க்கமென்று நினைப்பவர் தாசில்தார் காரியாலயத்து வாசலில் ஒருநாள் நின்று பார்க்கட்டும். 1931-க்குப் பிறகு எல்லா ஜாதிகளையும் எண்ணி வெளியிட்ட ஜனக்கணிதம் கிடையாது. அடுத்த கணிதத்தில் ஜாதியும் எண்ணப்படும் என்று 2025 ஏப்ரலில் மத்திய அரசாங்கம் அறிவித்தது. ரிஸ்லியின் நாற்காலியில் இப்போது நம்மவர் அமர்கிறார்கள். எந்தச் சொல்லை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்பதை அவர்களிடமே விட்டுவிட்டு நாம் தூங்கலாமா?

திருச்சிராப்பள்ளியில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, மாணவர்களுக்கும் பஞ்சமில்லை. அவர்களில் பத்துப் பேர் முன்வரட்டும். ஐவர் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் இறங்கட்டும். ஐவர் கொள்ளிடத்துக்கு அப்பால் சமயபுரத்துக் கிராமங்களுக்குச் செல்லட்டும். பாதிக் காலம் கழித்து இடம் மாறிக்கொள்ளட்டும். சீர்த்தட்டை எடுக்கும் உரிமை எவருக்கு, அது எப்படி வந்தது, எந்தத் தெருவார் எதைக் கொடுத்து வந்தார்கள், எவருடைய முறை எப்போது நின்றது, நின்றதற்குக் காரணம் என்ன என்று விசாரித்து எழுதட்டும். ஆண்களை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். முறை தெரிந்தவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்கள். குறடு தேவையில்லை. அடுத்த தைப்பூசத்துக்கு முன்பே தொடங்கவேண்டும். ஏனெனில் இவ்விவரங்களில் பெரும்பகுதி எழுத்தில் இல்லை, நினைவில் வைத்திருக்கும் முதியோர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.